அக்கா வீட்டுக்குப் போகும் ரயில்... திருத்தணி ஸ்டேஷனின் கதை!

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மலைமேல் முருகன் கோயில் விளக்குகள் மட்டும் தெரிகின்றன. கீழே திருத்தணி ரயில் நிலையத்தில், சென்னை செல்லும் மின்சார ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் செல்போன் என்று ஆட்கள் அவசர அவசரமாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் 24 வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பவர் அவளுடைய தாத்தா. வயது 82. நாற்பது வருடங்களுக்கு மேல் தறி ஓட்டியவர்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா கண்ணு?"

"எடுத்துக்கிட்டேன் தாத்தா. நீங்க எந்த வண்டிக்குப் போறீங்க?"

"திருப்பதி மெமு வரும். அதுல போயிட்டு சாயங்காலம் திரும்பிடுவேன். நகரியில அக்கா காத்துக்கிட்டு இருக்கும்."

ரயில் நகர்கிறது. பேத்தி தெற்கே அரக்கோணம் போய், அங்கிருந்து கிழக்கே சென்னைக்குப் போவாள். தாத்தா அதே தண்டவாளத்தில் வடக்கே, ஆந்திராவுக்குப் போவார். அந்த வீட்டில் மாதம் ஒரு முறையாவது இப்படி ஒரு காலைப்பொழுது வந்துவிடும்.

திருத்தணி என்றதும் நம் எல்லோருக்கும் முருகனின் ஐந்தாம் படைவீடு ஞாபகம் வரும். வருடத்தின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் ஞாபகம் வரும். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஞாபகம் வருவார். ஊருக்குள் நுழையும் வழியில் அமைதியாக இருக்கும் இந்த ரயில் நிலையத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அதற்கும் சொல்வதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

பம்பாய்க்குப் போட்ட தடம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதையில்தான் அரக்கோணம் இருக்கிறது. அடுத்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பம்பாய் பக்கம் போவதற்கு ஒரு தடம் போட நினைத்தது. அது அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்காகத் திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பா என்று 1860-களில் நீண்டுகொண்டே போனது. 1871-ல் ராய்ச்சூரில், பம்பாயிலிருந்து வந்த ரயில் பாதையோடு அது சேர்ந்தது. மெட்ராஸில் ஏறியவர் ரயிலிலேயே பம்பாய் போய் இறங்க முடிந்தது அதன் பிறகுதான்.

ஆக, திருத்தணிக்கு ரயில் வந்தது கோயிலுக்காக மட்டும் இல்லை. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே போட்ட பாதையில் திருத்தணி இருந்தது. பம்பாய் மெயில் ஓடிய பாதையில் இருப்பதால் வந்த அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். மலையேற வந்தவர்கள், நெய்த துணியைப் பட்டணத்தில் விற்கப் போனவர்கள், பெண் கொடுத்து பெண் எடுத்தவர்கள் என்று எல்லோரும் அந்தப் பாதையைத் தங்கள் வசதிக்குப் பழக்கிக்கொண்டார்கள்.

1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது இந்தத் தடம் அதன் கீழ் வந்தது. இன்றும் திருத்தணி, தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது. எல்லை தாண்டி புத்தூர் பக்கத்து நிலையங்களும் இதே கோட்டத்தில்தான் இருக்கின்றன. மாநில எல்லை ஒரு இடத்தில் இருந்தால், ரயில்வே கோட்டத்தின் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது!

எல்லை மாறிய ஊர்

தாத்தாவுக்குப் பத்து வயது இருக்கும்போது, அதாவது 1953 அக்டோபர் 1-ம் தேதி, ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திராவுக்குப் போனது. அந்த மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அதோடு போனது.

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் போராடியது. மங்கலங்கிழாரும் திருத்தணி கே.விநாயகமும் இந்தப் பகுதியில் அந்தப் போராட்டத்தை வளர்த்தவர்கள். கூட்டம், ஊர்வலம், மறியல், சிறை என்று பல வருடங்கள் நடந்த போராட்டம் அது.

"பட்டணத்துலேர்ந்து ரயில்ல வந்து இறங்குறவங்களைப் பார்க்க நாங்க பசங்க எல்லாம் ஸ்டேஷனுக்கு ஓடுவோம். எதுக்கு வர்றாங்கன்னு அப்ப சரியாப் புரியாது. கொடி கொடுத்தா வாங்கிக்கிட்டு பின்னாடியே நடப்போம். வீட்டுக்குப் போனா அப்பா உதைப்பாரு" என்று இப்போதும் சிரிப்பார் தாத்தா.

பிறகு இரண்டு மாநிலங்களுக்கும் இடையே சமரசம் பேச படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழகத்துக்கு வந்து சேர்ந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. நகரியும்தான்.

அந்த நகரியில்தான் தாத்தாவின் அக்கா இருந்தார். 1958-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தபோது பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாநிலத்தில், ஒரே மாவட்டத்தில் இருந்தன. இரண்டு வருடத்தில் நடுவே எல்லை வந்துவிட்டது. தம்பி தமிழ்நாட்டுக்காரர் ஆனார். அக்கா ஆந்திராக்காரர் ஆனார். தம்பியின் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். அக்காவின் பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள்.

அப்போது ஊரே கொண்டாடியது. தாத்தாவும் கொண்டாடினார். அக்காவின் ஊர் அந்தப் பக்கம் போனது பற்றி அவருக்குக் கவலை இருந்ததா?

"கவலைப்பட என்ன இருக்கு? ஸ்டேஷன் அங்கேயேதான இருந்துச்சு. டிக்கெட் வாங்கினா அக்கா வீடு" என்பார்.

கடைசி 13 கிலோமீட்டர்

1980-களில் இந்தப் பாதை மின்மயமானது. சென்னையிலிருந்து திருத்தணி ரயிலில் சுமார் 82 கி.மீ. பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று புறநகர் மின்சார ரயில் வரும் மேற்குத் தடத்தின் கடைசி ஊர் இதுதான். சென்ட்ரலில் புறநகர் ரயில்களுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறதே, 1985-ல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் கட்டியது, அங்கிருந்துதான் திருத்தணி வண்டிகள் புறப்படும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் கட்டணம் பேருந்தைவிட மிகக் குறைவு. மாதச் சீசன் எடுத்தால் இன்னும் மிச்சம். செல்போன் செயலியிலேயே டிக்கெட்டும் சீசனும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். மேற்குத் தடத்தில் ஓடும் எல்லா வண்டிகளும் திருத்தணி வராது. பல வண்டிகள் திருவள்ளூர், அரக்கோணத்தோடு நின்றுவிடும். அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் நடுவே 13 கி.மீ. இச்சிபுத்தூர் என்று ஒரே ஒரு நிலையம். பகலில் இது ஒரு தூரமே இல்லை. பஸ் கிடைக்கும், அடுத்த ரயில் கிடைக்கும். ராத்திரியில் இந்த 13 கிலோமீட்டர்தான் பெரிய தூரம். நேரடி வண்டியைத் தவறவிட்டால், அரக்கோணத்தில் இறங்கி யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். பேத்திக்காக அப்பா எத்தனையோ இரவுகள் டி.வி.எஸ். 50-ல் அரக்கோணம் போயிருக்கிறார்.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் இடையே சிறப்பு ரயில்கள் விடுவார்கள். மஞ்சள் உடையும் பூக்காவடியுமாக பிளாட்பாரமே மணக்கும். "அரோகரா" என்பது தமிழ்க் குரலா தெலுங்குக் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டிசம்பர் 31-ம் தேதி படித் திருவிழாவுக்கும் கூட்டம் அப்படித்தான் வரும். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளைப் போய் வணங்குவதற்குப் பதிலாக முதலில் முருகனை வணங்குங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படியிலும் பாடிக்கொண்டே மேலே ஏறும்.

இந்தப் பக்கத்து மக்கள் திருப்பதிக்கும், அந்தப் பக்கத்து மக்கள் திருத்தணிக்கும் போய் வருவதற்கு நடுவில் இருக்கும் பாலம் இந்த நிலையம்தான். 1960-ல் எல்லை வந்த பிறகும் அது மாறவில்லை. அறுபது வருடங்கள் அந்த எல்லை யாரையும் தடுக்கவில்லை.

பீரோவில் இருந்த கோடிப் புடவை

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. புறநகர் ரயில் நின்றது. பாசஞ்சர் ரயில் நின்றது. மாநிலம் விட்டு மாநிலம் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைகளில் குறுக்கே சுவரே எழுப்பி, பிறகு இடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அந்த மே மாதம் நகரியில் அக்காவின் கணவர் இறந்துபோனார். வயதாகி, தூக்கத்திலேயே போன சாவு.

கணவன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுபோய்ப் போட வேண்டும். 'உனக்கு நாங்கள் இருக்கிறோம்' என்று சபையில் சொல்லும் முறை அது. அந்த அக்காவுக்கு இருந்தது ஒரே தம்பி. தம்பி இருந்தது சில ஸ்டேஷன்கள் தள்ளி.

தெரிந்த ஜவுளிக் கடைக்காரரிடம் கெஞ்சி, பாதி ஷட்டரைத் திறக்கச் சொல்லிப் புடவை வாங்கிவிட்டார் தாத்தா. ஆனால் 77 வயதில் அவரை அனுப்ப வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. "போற இடத்துல உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அத்தை தாங்குவாங்களா?" என்று மகன் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தை வீடியோ காலில்தான் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பேத்தி. அப்போது அவள் கல்லூரி மாணவி. அக்காவின் மூத்த மகன் உள்ளூரில் வாங்கிய ஒரு புடவையைக் கொடுத்து, "திருத்தணி மாமா கொடுத்ததா நினைச்சுக்கம்மா" என்று தெலுங்கில் சொன்னது போனில் கேட்டது. தாத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எல்லை என்றால் என்ன என்று அவருக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

பல மாதங்கள் அந்தப் புடவை பீரோவிலேயே இருந்தது. பேருந்துகள் மறுபடி எல்லை தாண்ட ஆரம்பித்த வாரத்திலேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கா புடவையைக் கையில் வாங்கி, "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே தம்பி, இப்ப எதுக்கு இது?" என்றாராம். சொல்லிக்கொண்டே பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாராம்.

பாசஞ்சர் ரயில்கள் திரும்பி வந்ததிலிருந்து தாத்தா மாதம் தவறுவதில்லை. முன்பெல்லாம் தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் என்று காரணம் தேடிப் போவார். இப்போது காரணம் எதுவும் வேண்டியதில்லை.

நீளமான பெயர்ப் பலகை

போன மாதம் பேத்தியின் அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். சம்பளம் கூடும். ஆனால் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகும். அதற்குப் பிறகு ரயில் பிடித்தால் வீடு வர நள்ளிரவு. அரக்கோணத்தோடு நிற்கும் வண்டி கிடைத்தால் அப்பாவின் டி.வி.எஸ். 50. அப்பாவுக்கும் இப்போது கண் பார்வை முன்போல இல்லை.

வில்லிவாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்வதென்று அவள் முடிவு செய்தாள். அம்மா அழுதார். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தாத்தா மூன்று நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "வா, நகரிக்குப் போயிட்டு வரலாம். பாட்டிகிட்ட நீயே சொல்லு" என்று கூப்பிட்டார்.

மெமு ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. திருத்தணிக்கு அடுத்து பொன்பாடி. தமிழ்நாடு அத்தோடு முடிகிறது. அடுத்த நிலையத்தில் வண்டி நின்றதும் தாத்தா அவளைத் தட்டி ஜன்னல் பக்கம் காட்டினார். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை! இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதப்படும் பெயர்களில் இந்திய ரயில்வேயிலேயே நீளமானது என்று பெயர் பெற்ற நிலையம். சென்னை சென்ட்ரலுக்கு 2019-ல் வைத்த எம்.ஜி.ஆர். பெயர் இதைவிட நீளம்தான். ஆனால் அதில் பல சொற்கள் இருக்கின்றன.

"படி பாக்கலாம்" என்றார் தாத்தா.

அவள் ஆங்கில எழுத்துகளை விரல் விட்டு எண்ணினாள். 28 வந்தது. தாத்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தெலுங்கில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் 'ராஜு' வரை வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"சின்ன வயசுல நானும் அக்காவும் யார் முதல்ல படிக்கிறதுன்னு போட்டி போடுவோம். எப்பவும் அது ஜெயிச்சுடும்."

மூன்று நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் இயல்பாகப் பேசியது அப்போதுதான்.

நகரி வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் 86 வயது அக்கா. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஸ்டல், சம்பளம், ஷிஃப்ட், அப்பாவின் கண். பாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வில்லிவாக்கத்துலேர்ந்து திருத்தணிக்கு ரயில் இருக்கில்ல?"

"இருக்கு பாட்டி. வாரா வாரம் வந்துடுவேன்."

பாட்டி தம்பியின் பக்கம் திரும்பினார். "கல்யாணமாகி நான் இங்க கிளம்பினப்ப நீ திருத்தணி பிளாட்பாரத்துல நின்னு அழுத. ரயில் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்த. ஞாபகம் இருக்கா?"

தாத்தா பதில் சொல்லவில்லை.

"அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் வந்து என் கையால சாப்பிட்டுத்தான போற? இவளும் வருவா. புள்ளைகிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்காத."

சாயங்காலம் வண்டிக்கு நேரமானதும் பாட்டி உள்ளே போய் இரண்டு பாட்டில்களை எடுத்து வந்தார். கோங்குரா ஊறுகாய். எண்ணெய் வெளியே வராதபடி மூடியின் மேல் பிளாஸ்டிக் காகிதம் கட்டியிருந்தது. இரண்டையும் தம்பியின் பையில் வைத்தார்.

"ஒண்ணு வீட்டுக்கு. இன்னொண்ணு ஹாஸ்டலுக்கு. அடுத்த மாசம் வர்றப்ப காலி பாட்டிலைக் கொண்டா."